ஊற்றினால் ஓடும்

பின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, மெக்கானிக் காருக்குள் கவிழ்ந்து படுத்துப் பெட்ரோல் டேங்கின் மேல்மூடியருகே காதைக் கொண்டுபோனான்.

"சாவியப் போடுங்க."

முன்னால் உட்கார்ந்திருந்தவர் சாவியைத் திருப்பினார். மூடிக்கு அடியில் பம்ப் முனகியது. தீப்பெட்டிக்குள் அடைபட்ட வண்டு போன்ற சத்தம். கொஞ்சம் முனகிவிட்டு, இருக்க வேண்டியபடி அடங்கியது.

"மறுபடி போடுங்க மச்சான்."

மறுபடியும் அதே முனகல்தான். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

சாவியைத் திருப்பியவர்தான் அந்தக் காரின் டிரைவர். மெக்கானிக்கின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். வண்டி மருந்துக்கடைக்காரருடையது. கடையோடு சேர்த்துச் சில கார்களை அவர் வாடகைக்கும் விட்டிருந்தார். அவருடைய வண்டி எல்லாம் இந்தப் பட்டறைக்குத்தான் வரும். முன்பு வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய் மச்சான் வீட்டோடு கிடந்தபோது, மெக்கானிக்தான் கடைக்காரரிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். "நம்ம ஆளு, நம்பி விடலாம்" என்று அன்றைக்கு அவன் சொன்ன வார்த்தை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

இந்தக் குறைக்காக வண்டி பட்டறைக்கு வருவது இது மூன்றாம் தடவை. உச்சி வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி திணறும், பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஆனால் பட்டறையில் ஒரு முறைகூட அது நின்றதில்லை. வந்ததும் மெக்கானிக் எந்த வண்டிக்கும் செய்வதைத்தான் இதற்கும் செய்தான். பெட்ரோல் குறைந்ததைக் காட்டும் ரிசர்வ் விளக்கு எரிந்ததால் மூலையிலிருந்த கேனை எடுத்துப் பெட்ரோல் ஊற்றினான். அது அந்தப் பட்டறையின் பழக்கம். விளக்கு எரிகிற வண்டிக்கு முதலில் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. சோதித்துப் பார்க்க எடுத்துப்போன வண்டியைத் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வர யாருக்கும் முதுகில் தெம்பில்லை.

பிறகு குழாயில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தான். முள் இறங்கவே இல்லை. ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினான். பம்புக்கு மின்சாரம் விடுகிற ரிலேயைக் கழற்றிவிட்டு, நல்லபடி ஓடுகிற வேறு வண்டியின் ரிலேயைப் போட்டுப் பார்த்தான். தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது வண்டி.

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையை விரித்துப் போட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கறை பட்டுவிடும் என்று எதிலும் சாயமாட்டார்.

"என்ன தம்பி, கண்டுபிடிச்சியா?"

"எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு."

"பம்பு?"

"பம்பு, ரிலே, லைன் எல்லாம் பாத்துட்டேன். வண்டில குறை இல்ல."

"குறை இல்லாத வண்டி நடுரோட்டுல எதுக்கு நிக்குது? நேத்து ஒரு அம்மா ரயில விட்டுட்டாங்க. எனக்கு போன் பண்ணி கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க. சரி, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நின்ன வண்டில ஒரு பாட்டில் பெட்ரோல் ஊத்தினா ஓடுதுன்னு உன் மச்சான்தான் சொல்றான். ஊத்தினா ஓடுது. அப்படின்னா அர்த்தம் என்ன?"

மெக்கானிக் கைத்துணியால் விரல்களைத் துடைத்தான். டிக்கியில் அந்தப் பாட்டில் கிடந்தது. மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும். நடுவழியில் நின்று நின்று பட்ட பிறகு, முன்ஜாக்கிரதையாக மச்சான் தன் கைக்காசில் வாங்கி வைத்தது. அப்படித்தான் அவர் சொன்னார். பாட்டிலைப் பார்த்தால் அப்படி மட்டும்தான் தோன்றும் என்று சொல்ல முடியாது.

"சொல்லுப்பா. கணக்குப் போட்டு ஒவ்வொரு சவாரிக்கும் பெட்ரோல நான்தான் அடிச்சு விடறேன். பத்தாமப் போக வழியே இல்ல. வண்டில குறை இல்லன்னா, அப்ப ஏன் நிக்குது?"

"பெட்ரோல் இல்லாமத்தான் சார் நின்னிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் மச்சான் அங்கேயே நிற்கிறார் என்பது மெக்கானிக்குக்கு உறைத்தது. அவர் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. பிடித்திருந்த கை மட்டும் கதவை விட்டு இறங்கியது.

"கேட்டுக்கிட்டியா? நான் சொல்லல, உன் மாப்பிள்ளையே சொல்லிட்டாரு" என்று மருந்துக்கடைக்காரர் எழுந்து கைக்குட்டையை உதறி மடித்தார். "இன்னொரு தடவை நிக்கட்டும். அன்னைக்கு சாவியக் கடைல குடுத்துட்டு அப்படியே போயிரு. நான் போலீசு கீலீசுன்னு போற ஆள் கிடையாது."

அடுத்த நாளே கார் ஸ்டாண்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மற்ற டிரைவர்கள் மச்சானுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். "பங்க்" என்று.

"வாங்க பங்க், இன்னைக்கு என்ன ரேட்டு?"

"பாத்து நில்லுய்யா, பக்கத்துல பீடி பத்த வைக்காத. பங்க் பத்திக்கும்."

முதல் நாள் மச்சானும் சேர்ந்து சிரித்தார். மறுநாளிலிருந்து வண்டியைத் தள்ளி, கழிப்பறைச் சுவரோரம் நிறுத்த ஆரம்பித்தார். இதை மெக்கானிக்கிடம் சொன்னது டயர்க்கடைக்காரன். சிரிப்புக்காகச் சொன்னான். மெக்கானிக்கும் ஒரு மாதிரியாகச் சிரித்து வைத்தான்.

மச்சானின் குடும்பம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தது. மெக்கானிக்கும் மனைவியும் கீழே. இரண்டு வீட்டுத் துணியும் ஒரே கொடியில்தான் காயும். சாயங்காலம் குளித்துவிட்டுத் துண்டு எடுக்கப் போன மெக்கானிக், கொடியில் மச்சானின் சட்டையைப் பார்த்தான். சும்மா கையை வைத்தான். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்தச் சட்டையின் கைப்பகுதியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். சோப்பு வாசம்தான் வந்தது. மற்றக் கையையும் முகர்ந்தான். அதிலும் சோப்பு வாசம்தான்.

திரும்பியபோது சமையலறை ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். தட்டு வைத்தாள். பரிமாறினாள். அவன் பாதி சாப்பிட்டிருந்தான்.

"துவைச்ச சட்டைல என்ன வாசம் வரும்?" என்றாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"பழைய சட்டை மேல அழுக்குக் கூடைல கிடக்கு. வேணும்னா எடுத்துட்டு வந்து தரவா?"

"மெஷினு சொன்னத நான் சொன்னேன். என் வாய்க்கு வந்ததையா சொன்னேன்?"

"மெஷினு சொல்லுச்சா? அப்ப அதையே கல்யாணம் பண்ணியிருக்கலாம். அதுக்குன்னா அண்ணன் தம்பி இருக்க மாட்டான்."

அவள் குரல் உயரவே இல்லை. மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது. அவள் ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அண்ணி இன்னைக்கு உப்பு வாங்க வந்தாங்க. வாசப்படி ஏறல. வெளியவே நின்னு வாங்கிட்டுப் போறாங்க. நாமதான் திருடின மாதிரி எனக்கு இருந்துச்சு."

மெக்கானிக் கையைத் தட்டிலேயே கழுவினான்.

வார விடுமுறையன்று மதியம் போன் வந்தது. மச்சான் அவனை எப்போதும் பெரிய குரலில் "மாப்ள" என்று கூப்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்றைக்கு அது இல்லை.

"நின்னுடுச்சு. ஆளை இறக்கி விட்டுட்டு வர்ற வழி. பாலம் தாண்டி, கல்லறுக்கிற கம்பெனிக்கு எதுக்க. நான் எதையும் தொடல, ஊத்தல. நீங்க வந்து கண்ணால பாருங்க."

மெக்கானிக் ஒரு கேனில் பெட்ரோலும் சாமான் பையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினான். நிழலே இல்லாத சாலை. கல் அறுக்கும் கம்பெனியின் வெள்ளைத் தூசி சாலையோரப் புதர்கள் மேல் மாவு போலப் படிந்திருந்தது. கார் ஓரமாக நின்றிருந்தது. மச்சான் அதன் நிழலில் குந்தியிருந்தார். வண்டியின் நிழல் அந்த நேரத்தில் அவருடைய பாதங்களை மூடும் அளவுக்குத்தான் இருந்தது. ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் கேனின் மூடியைத் திருகினான். மச்சான் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊத்தாதீங்க."

"ஊத்தினாத்தான மச்சான்..."

"ஊத்தினா ஓடிடும். ஓடிட்டா நான் மறுபடியும் திருடன் ஆயிடுவேன். நீங்க ஒவ்வொரு தடவையும் முதல்ல அதைத்தான் செய்யறீங்க. கேனக் கீழ வைங்க மாப்ள."

மெக்கானிக் கையில் கேனோடு நின்றான். இத்தனை தடவை வண்டி பட்டறைக்கு வந்தும், முதல் வேலையாக அவன் கை போனது அந்தக் கேனுக்குத்தான். பம்பைத் தொட்டது அதற்குப் பிறகு. இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியில், குளிர்ந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு, அவன் குறையைத் தேடியிருக்கிறான். கேனைப் புதரடியில் வைத்தான்.

"முதல்ல பின்னால வந்து நில்லுங்க. ரெண்டு பேரும் சேந்து வண்டிய ஆட்டுவோம்."

இருவரும் டிக்கியில் தோளைக் கொடுத்துக் காரை மேலும் கீழும் அமுக்கி ஆட்டினார்கள். நிறுத்தியதும் மெக்கானிக் காது கொடுத்தான். டேங்குக்குள் பெட்ரோல் அலம்பும் சத்தம். கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊர் போய்ச் சேர அது தாராளம்.

"பெட்ரோல் இருக்கு மச்சான்."

"இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் உள்ளே ஏறினான். பின் சீட்டைத் தூக்கினான். சாவியைப் போடச் சொன்னான். முனகல் வரவில்லை. ஒயரைக் கழற்றிச் சோதனை விளக்கை வைத்துப் பார்த்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வருகிறது, பம்ப் சுற்றவில்லை. பம்பின் மூடியில் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. வண்டிக்கு அடியில் நுழைந்து, மரக்கைப்பிடிச் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து டேங்கின் அடிவயிற்றில் தட்டினான். மேலே பம்ப் ஒரு முறை முனகியது. விக்கியது. மறுபடி நின்றது.

முதுகில் சூடான சரளை குத்த அவன் அங்கேயே படுத்திருந்தான். இனித் தேடுவதற்கு எதுவும் இல்லை. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க வேண்டிய பம்ப் அது. சுற்றச் சுற்ற ஏறுகிற சூட்டை அந்தப் பெட்ரோல்தான் தணிக்கும். கணக்குப் பார்த்து அடித்துவிட்ட பெட்ரோலில் அது எப்போதும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற ஆள் மாதிரி, மேல்பாதி வெளியே தெரியத்தான் ஓடியிருக்கிறது. நாள் கணக்கில் சூடேறித் தேய்ந்துபோய், இப்போது வெயில் ஏறினால் இறுகிக்கொள்கிறது. ஆறினால் விட்டுவிடுகிறது. பாட்டில் பெட்ரோல் ஊற்றினாலும் விட்டுவிடும். மருந்துக்கடைக்காரர் திருட்டுக்குப் பயந்து அளந்து கொடுத்ததே பம்பைக் கொன்றிருக்கிறது.

அவன் வெளியே வந்தான். மச்சானுக்கு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தே சொன்னான். மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருடைய தோள்கள் இறங்கின. தண்ணீர் பாட்டிலை எடுத்து முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

"நானும் இப்படித்தான் மாப்ள. வெயில் ஏறினா எனக்கும் ஓடாது. ஆனா என்னைத் தட்டிப் பாக்க ஆளு வரல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றது. மெக்கானிக்குக்கு அப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "வெயில்ல ரொம்ப நேரமா நிக்கறீங்களா?" என்றுதான் அவனால் கேட்க முடிந்தது.

"அது கிடக்கட்டும். நாளைக்கு அவர்கிட்ட இதை அப்படியே சொல்லிடுங்க. வேலை இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும். எனக்கு அந்தப் பேரு போகணும். ஸ்டாண்டுல எல்லாரும் கூப்பிடறாங்க, நான் திரும்பியும் பாக்கறேன். அதுதான் எனக்குத் தாங்கல."

"சொல்லிடறேன் மச்சான்."

"அவர் முகத்துக்கு நேரா."

"நேராவே சொல்றேன்."

வண்டி ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு அது சாவிக்கு உடனே கிளம்பியது.

மறுநாள் காலை மெக்கானிக் பம்பைக் கழற்றிப் பலகைமேல் வைத்திருந்தான். அதன் மேல்பாதி காந்தியதுபோலப் பழுப்பேறியிருந்தது. கீழ்ப்பாதி புதிதுபோல மின்னியது. பட்டறை முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அதைக் குனிந்து பார்த்தார். மெக்கானிக் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"சரிதான். அப்ப இத்தனை தடவை நீ பாத்து, குறை இல்லன்னு சொன்னது?"

"தப்புண்ணே. கேன்ல ஊத்திட்டுப் பாத்தேன்."

"அவர்கிட்டயும் இதையே சொல்லப் போறியா? இத்தனை தடவை பாத்ததுக்கும் அவர் கூலி குடுத்திருக்காரு. எல்லாத்தையும் திருப்பிக் கேப்பாரு, அது போகட்டும். நீங்க பெட்ரோலக் குறைச்சதாலதான் பம்பு போச்சுன்னு அந்த மனுஷன் மூஞ்சில சொல்லுவியா? அவர் வண்டி எல்லாம் எதுத்த பட்டறைக்குப் போயிடும். அப்புறம் நீ எங்க நிப்ப, நான் எங்க நிப்பேன்?"

"மச்சான் பேரு கெட்டுப்போச்சுண்ணே."

"பேரா? பம்பு நேத்துத்தான் போச்சுன்னு சொல்லு. நேத்து நின்னதுக்குக் காரணம் கிடைச்சுடுச்சு, அவன் வேலையும் போகாது. வேலை இருந்தாப் பேரு தன்னால வரும். பொண்டாட்டி வீட்டுச் சொந்தம், நல்லது செய்யப் போய்க் கெடுத்துக்காத."

அவர் அதட்டவில்லை. மெக்கானிக்கின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மருந்துக்கடைக்காரர் வந்தபோது மச்சானும் பின்னாலேயே வந்தார். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். காருக்கு அந்தப் பக்கம், மெக்கானிக்கின் வாயைப் பார்த்தபடி நின்றார்.

"பம்பு போயிடுச்சு சார்" என்றான் மெக்கானிக்.

"ஓகோ. அன்னைக்கு நல்லா இருக்குன்ன?"

பட்டறை முதலாளி தூரத்தில் வேறொரு வண்டியின் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். அவருடைய ஸ்பானர் சத்தம் நின்றிருந்தது.

"அன்னைக்கு..." என்றான் மெக்கானிக். "அன்னைக்கு நல்லாத்தான் சார் இருந்துச்சு. நேத்துத்தான் போயிருக்கு."

காருக்கு அந்தப் பக்கம் மச்சான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். தரையில் எண்ணெய் கொட்டிய இடத்தில் யாரோ மரத்தூள் தூவியிருந்தார்கள். அதைச் செருப்பு நுனியால் மெல்ல ஒதுக்கினார்.

"அப்ப நேத்து நின்னது பம்பால. அதுக்கு முன்னாடி நின்னதெல்லாம்?"

மெக்கானிக் கைத்துணியை எடுத்து விரல்களைத் துடைத்தான்.

"சரி, விடு" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரலில் நிஜமாகவே இளக்கம் இருந்தது. "நான் யார் வயித்துலயும் அடிக்கிறவன் இல்ல. பழசக் கிளற வேண்டாம். பிள்ளைகுட்டிக்காரன், ஓட்டட்டும். புதுப் பம்பைப் போட்டு விடு."

"சார், கொஞ்சம் பெட்ரோல் கூடுதலா வெச்சு ஓட்டினா பம்பு தாங்கும்."

"கூடுதலா வெச்சா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியாதாப்பா?" என்று சிரித்தார். "கையோட இதையும் மாட்டிரு." கடைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். பூட்டு வைத்த டேங்க் மூடி. "அப்புறம், உங்க கேன்லருந்து ஊத்தி பில்லுல ஏத்தற வேலை இன்னைக்கு வேண்டாம். இருக்கற பெட்ரோலே போதும்."

மெக்கானிக் புதுப் பம்பை இறக்கினான். சீட்டை மாட்டினான். அழுத்தமானியை வைத்துப் பார்த்தான். மச்சான் சொல்லாமலே முன்னால் உட்கார்ந்து, அவன் கேட்டபோதெல்லாம் சாவியைத் திருப்பினார். "போடுங்க" என்றால் போட்டார். "போதும்" என்றால் நிறுத்தினார். "மச்சான்" என்று கூப்பிட மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை.

கடைசியாகப் பழைய மூடியைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துத் திருகினான். பூட்டினான். இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. சாவியை உருவினான். வேலை முடிந்ததும் சாவியை டிரைவர் கையில் கொடுப்பதுதான் வழக்கம். வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்ற மச்சானின் உள்ளங்கை அந்த வழக்கத்தில் தானாகவே முன்னால் நீண்டது.

மெக்கானிக் சாவியைப் பிடித்தபடி நின்றான்.

நீண்ட கை சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மச்சான் அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய் இஸ்திரி போட்ட சட்டையில் துடைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் அந்த மூடிச் சாவியை வாங்கித் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார்.

மச்சான் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பின் சீட்டுக்கு அடியில் புதுப் பம்ப் சீராக முனகியது. அவர் முன்னே பார்த்தபடியே வாசலைக் கடந்தார். அவர் முகத்துக்கு நேரே, ஸ்டியரிங்குக்குப் பின்னால், ரிசர்வ் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.